பி.எஸ்சி. சேர்க்கும் முன்பு கல்லூரியை நாமே போய்ப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். பிள்ளை படிப்புக்காகக் கடன் கேட்கும் உறுப்பினரோடு கல்விக் குழுவில் இருந்து இரண்டு பேர் போய் அந்தக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வரவேண்டும், அதற்குப் பிறகுதான் கடன் என்று. அதுக்குக் கொஞ்சம் பேச்சும் வந்தது. "நாம என்ன இன்ஸ்பெக்டரா? பத்தாவது கூடத் தாண்டாத நாம போய் காலேஜ் லேபைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கப் போறோம்?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு நிற்கிறோம்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம். நம்ம உறுப்பினர் ஒருத்தர் தறி ஓட்டுகிறவர். அவர் மகளுக்குப் பிளஸ் டூவில் வேதியியல் என்றால் உயிர். பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன் என்று நின்றது அந்தப் பொண்ணு. வேன் வீட்டு வாசலுக்கே வரும், கட்டடம் புதுசு, போன வருஷம்தான் அந்தத் துறை ஆரம்பிச்சாங்க என்று ஒரு கல்லூரியில் சேர்த்தார்கள். குழுவில் 40,000 ரூபாய் கடன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் முழுக்க அந்தப் பொண்ணு ஆய்வகத்துக்குள்ளே போனது நாலைந்து தடவை. சாமான் வரணும், வரணும் என்றே சொல்லி இருக்காங்க. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் வேறு ஒரு கல்லூரிக்கு வேனில் கூட்டிக்கொண்டு போய் மூணு நாள் காட்டினார்களாம். ஐப்பசியில் பாடம் எடுத்த ஆசிரியை தை மாசம் இல்லை. இரண்டாவது வருஷ ஆரம்பத்தில் பொண்ணு நின்றுவிட்டது. வேறு இடத்தில் சேரலாம் என்று அசல் சான்றிதழைக் கேட்டால், மீதி வருஷக் கட்டணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க என்று பதில். நாலு மாசம் நடையாய் நடந்துதான் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்குள் அந்த வருஷச் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தக் கடனுக்குத் தவணை இன்னும் ஓடுது. இப்ப தெரியுதுங்களா, ஏன் அந்தத் தீர்மானம் என்று.

அதுக்கப்புறம் போன வருஷம் நாங்கள் ஐந்து பேர், மூன்று தாய்மார்களோடும் அவங்க பொண்ணுங்களோடும் சேலம், நாமக்கல் பக்கம் ஆறு கல்லூரி ஏறி இறங்கினோம். அரசு கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி மூன்றும் உண்டு. அதில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறோம்.

நம்ம பக்கம் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல் தனி மாவட்டம் ஆன அதே 1997இல்தான் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் வந்தது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளும் அதன் கீழே. சேலத்தில் அரசு கலைக் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி, ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி இருக்குது. நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், கவிஞர் இராமலிங்கம் பேரில் மகளிருக்கு அரசு கல்லூரியும் உண்டு. ராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி, பரமத்தி வேலூரில் கந்தசாமிக் கண்டர் கல்லூரி. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் தனியார் கல்லூரிகள் ரோட்டுக்கு ரோடு. இவ்வளவு இருக்கும்போது பேனரைப் பார்த்தும், வேன் வருதா என்று பார்த்தும் சேர்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

போகும் முன்பு வீட்டிலேயே ஒரு பேச்சு முடியணும். பொண்ணு எதுக்கு பி.எஸ்சி. படிக்குது? டீச்சர் ஆகணுமா, டி.என்.பி.எஸ்.சி. எழுதணுமா, எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று மேலே போகணுமா, இல்லை கோழித் தீவனக் கம்பெனி லேபிலோ தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ உடனே வேலைக்குப் போகணுமா? நம்ம ஊர்ல பல வீட்டில் பி.எஸ்சி. என்பது "நீட் கிடைக்கல, இஞ்சினியரிங்குக்குப் பணம் இல்ல, அதனால" என்று வருகிறது. அப்படி வந்தாலும் தப்பில்லை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுத்தான் விமானப் படிப்புக்குப் போனார். இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவன் விவசாயி மகன், நாகர்கோவிலில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். ஆனால் எதுக்கு என்று தெரிந்தால்தான் கல்லூரியில் எதைக் கேட்பது என்று தெரியும்.

பட்டத்தின் பெயரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் என்று இருந்த காலம் போய் இப்போது புதுப்புதுப் பெயர்கள். படிப்பு நல்ல படிப்பாகவே இருக்கலாம். ஆனால் அரசு வேலைக்கு விளம்பரம் வரும்போது "இன்ன பட்டம்" என்று போட்டிருப்பான். பொண்ணு படித்த பட்டம் அதற்குச் சமம் என்று அரசாணை இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு இணைத்தன்மை அரசாணை என்று பெயர். முதுகலை, பி.எட். எல்லாம் முடித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் "உங்க பட்டம் சமம் இல்லைம்மா" என்று திரும்பி வந்த பிள்ளைகள் நம்ம வட்டாரத்திலேயே உண்டு. சேரும் முன்பு அலுவலகத்தில், "இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டுங்களா, எண் என்ன?" என்று கேளுங்கள். எண்ணை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது நாக் கிரேடு. வாசலில் பெரிதாக 'ஏ' என்று எழுதி இருப்பார்கள். நாக் என்பது 1994இல் வந்த அமைப்பு, பெங்களூரில் இருக்குது. அவங்க கொடுத்த மதிப்பெண் 4க்கு எவ்வளவு என்று பாருங்கள். 3.01 முதல் 3.25 வரை ஏ, 3.51க்கு மேலே போனால் ஏ பிளஸ் பிளஸ், 2.51 முதல் 2.75 வரை பி பிளஸ், இப்படிப் போகும். எந்த வருஷம் வாங்கினது என்றும் பாருங்கள், பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். காலாவதி ஆன மாத்திரை மாதிரி பழைய கிரேடை மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. இன்னொன்று, அந்தக் கிரேடு கல்லூரி முழுமைக்கும் சேர்த்துத் தருவது. வணிகவியலும் கணினியும் நன்றாக நடக்கும் கல்லூரி ஏ வாங்கியிருக்கும், அதன் இயற்பியல் துறை தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் கிரேடு பார்த்தது போதும் என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

இப்ப ஆய்வகத்துக்கு வருவோம். அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்குது.

ஏனுங்க, ஒரு வீட்டு அடுப்படிக்குள்ள போனா, தினமும் ஆக்குற அடுப்படியா, விருந்தாளிக்குத் துடைச்சு வச்ச அடுப்படியா என்று நமக்குத் தெரியாதா? அதே கண்ணுதான் ஆய்வகத்துக்கும். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேசை மேலே ஒரு கறை இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மருந்து பாட்டில்களில் சீல் உடைக்கவில்லை, தயாரித்த வருஷத்தைப் பார்த்தால் ஆறு வருஷத்துக்கு முந்தினது. இன்னொரு கல்லூரியில் "சாவி வச்சிருக்கிறவர் இன்னைக்கு லீவும்மா" என்றார்கள். கல்லூரி நடக்கும் நாளில் ஆய்வகம் பூட்டியிருந்தால் அதுவே பதில்தானே. மூன்றாவதாகப் போனது ஒரு பழைய கட்டடம், பெயின்ட் உரிந்திருந்தது. எங்களோடு வந்த ஒரு தாய் வாசலிலேயே முகம் சுளித்தார். உள்ளே போனால் மேசையெல்லாம் அமிலம் பட்டுக் கருகின வட்டம் வட்டமாக. இருபது பிள்ளைகள் நின்று வேலை செய்கிறார்கள், ஆளுக்கொரு பியூரெட். ஒரு பொண்ணு விரல் நுனியெல்லாம் கறுப்பு. "என்ன கண்ணு இது?" என்றோம். "சில்வர் நைட்ரேட்டுங்க, ரெண்டு நாள்ல போயிரும்" என்று சிரித்தது. எங்களோடு வந்திருந்த பொண்ணு அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே வந்ததும், "அம்மா, இங்கயே சேர்த்துரும்மா" என்றது.

கேட்கவேண்டியது இவ்வளவுதான். ஒரு செய்முறை வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? ஒரு கருவிக்கு எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சுவரில் இருக்கும் கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் வருஷத்திலேயே ஆய்வகம் உண்டா? ஒருத்தர் செய்ய நாலு பேர் பார்த்து எழுதினால் மூணு வருஷம் கழித்து நோட்டு இருக்கும், கைப்பழக்கம் இருக்காது. நம்ம பிள்ளைகளுக்கு இது கூடுதலாக முக்கியம். மார்க்குக்குப் பேர் போன நம்ம பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு முந்தின மாசம்தான் ஆய்வகத்தைப் பார்க்கிறார்கள். கல்லூரியிலும் அதே கதை என்றால் எங்கேதான் கற்றுக்கொள்ளும்?

புகை வெளியே போக விசிறி இருக்கா, தீயணைப்பான் இருக்கா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கா என்று ஒரு பார்வை பாருங்கள். நுண்ணோக்கி உறையில் தூங்குதா என்று பாருங்கள். விலங்கியல் ஆய்வகத்தில் தவளை அறுக்கவில்லையே என்று மட்டும் குறை சொல்லாதீர்கள். பட்டப்படிப்பில் அதை நிறுத்தச் சொல்லி 2014லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. தாவரவியல் என்றால் வெளியே கூட்டிப் போகிறார்களா என்று கேளுங்கள். கொல்லிமலை நம்ம பக்கத்திலேயே இருக்குது, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்குது. மூணு வருஷத்தில் ஒரு தடவைகூட மலை ஏறாத தாவரவியல் என்ன தாவரவியல்? கணிதத்துக்கு ஆய்வகம் பெரிதாகத் தேவையில்லை. அங்கே ஆசிரியரும் நூலகமும்தான்.

பக்கத்துத் துறையையும் பாருங்கள். இயற்பியல் படிக்கும் பிள்ளைக்குக் கணிதமும் வேதியியலும் துணைப்பாடமாக வரும். உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் எல்லாவற்றுக்கும் அடியில் வேதியியல் இருக்கிறது. வேதியியல் துறையே இல்லாமல் இந்தப் படிப்புகளை நடத்தினால் அந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்று கேட்டே ஆகணும்.

ஆசிரியர் விஷயத்தில் முதல்வர் சொல்வதைவிட மூன்றாம் வருஷப் பொண்ணு சொல்வதுதான் உண்மை. கேன்டீனில் டீ குடிக்கும் சாக்கில் உட்கார்ந்து, "கண்ணு, உனக்கு மூணு வருஷத்துல எத்தனை டீச்சர் மாறினாங்க?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். மத்ததெல்லாம் தன்னாலே வரும். முனைவர் பட்டம், நெட், செட் தகுதி எத்தனை பேருக்கு என்பதும் முக்கியம்தான், அதைக் கல்லூரி இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள், பிள்ளையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் நிறைய. அதனால் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், பல வருஷமாக அங்கேயே நின்று அக்கறையாகச் சொல்லித் தருகிறவர்களை நாங்கள் பார்த்தோம்.

சின்னக் கல்லூரியா பெரிய கல்லூரியா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் மட்டும் படிக்கும் சின்னச் சின்னக் கலைக் கல்லூரிகள் உண்டு. மரபணுவைத் திருத்தும் முறைக்காக 2020இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிபர் டௌட்னா என்கிற அம்மா அப்படி ஒரு கல்லூரியில், போமோனாவில், வேதியியல் படித்தவர். 1989இல் அதே பரிசைப் பகிர்ந்த தாமஸ் செக் படித்ததும் கிரின்னல் என்கிற சின்னக் கல்லூரி. அங்கே முதுகலை மாணவர்கள் கிடையாது அல்லது மிகக் குறைவு. அதனால் பேராசிரியர் தன் ஆராய்ச்சியில் இளங்கலைப் பிள்ளைகளையே கூட வைத்துக்கொள்வார். கருவியைத் தொடும் வாய்ப்பு அவங்களுக்கே வரும். ஆனால் அந்தக் கல்லூரிகளிடம் பணம் உண்டு, நிரந்தரப் பேராசிரியர்கள் உண்டு. நம்ம ஊரில் ஒரு கல்லூரி சின்னதாக இருப்பதற்குக் காரணம் ஆள் சேராததாகவும் இருக்கலாம். இருபது பேர் வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் பேரோடு தெரியும், அது பெரிய லாபம். அதே துறையில் இருப்பதே மூணு ஆசிரியர் என்றால், ஒருத்தர் வேலையை விட்டால் பாடத்தில் மூணில் ஒரு பங்கு போச்சு, அது நஷ்டம். எங்கள் எண்ணம், மூணாவது வருஷம் பிள்ளைகள் தாங்களே செய்யும் புராஜெக்ட் உண்டா, அதை வெளியே காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பார்த்தால் கல்லூரி எவ்வளவு அக்கறையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மேலே படிக்க நினைக்கும் பிள்ளை என்றால், கடைசி மூணு வருஷத்தில் எத்தனை பேர் எம்.எஸ்சி. போனார்கள், எங்கே போனார்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பதை அந்தத் துறையில் பிள்ளைகளுக்குச் சொல்லி இருக்கிறார்களா? பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் இரண்டு மாசம் பெரிய ஆய்வுக்கூடங்களில் உதவித்தொகையோடு வேலை பழகத் தருகின்றன. சின்னக் கல்லூரிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். நாங்கள் போன ஆறில் இரண்டு கல்லூரியில்தான் அதைப் பற்றி அறிவிப்புப் பலகையில் பார்த்தோம். "100 சதவீத வேலைவாய்ப்பு" பேனர் ஆறிலும் இருந்தது!

பணத்துக்கு வருவோம். அரசு கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, தனிக்கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். எல்லா அரசு கல்லூரிக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம், அதிலேயே பல கல்லூரிகளை எழுதலாம். சில அரசு கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு, மாலை ஷிப்டு கிடைத்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் வேன் காசு மிச்சம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு மாசம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். சேரும்போதே கல்லூரியில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு விண்ணப்பியுங்கள். வங்கிக் கல்விக் கடனும் பி.எஸ்சி.க்கு உண்டு, 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேனேஜர் கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.

சுயநிதிக் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். வேன், சீருடை, தேர்வு, ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்து மூணு வருஷத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள், தொகை மாறும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழ் விஷயம் எல்லாரும் மனசில் வையுங்கள். 2018இல் யு.ஜி.சி. போட்ட உத்தரவுப்படி, அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பு விலகினால் கட்டணம் முழுசும் திரும்ப வரணும், கழித்துக்கொள்வது 5 சதவீதம், அதுவும் 5000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் பாதி, அதற்குமேல் கிடையாது. இது அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தறிக்கார அக்கா நாலு மாசம் அலைந்திருக்க மாட்டார்.

அந்தப் பொண்ணு பற்றிக் கேட்பீர்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தது, இப்போது அரசு கல்லூரியில் மறுபடியும் முதல் வருஷத்தில் இருந்து வேதியியல் படிக்குது. இரண்டாம் வருஷம். போன மாசம் எங்களோடு ஒரு கல்லூரிக்கு வந்து, நாங்கள் கவனிக்காத ஒன்றைக் கவனித்தது அதுதான்: காய்ச்சி வடித்த தண்ணீர் எடுக்கும் கருவி இருந்தது, அதுக்குக் கரன்ட் இணைப்பே கொடுக்கவில்லை.

இந்த மாசம் மூன்று மனு வந்திருக்கிறது. ஒன்று இயற்பியல், ஒன்று கணிதம், ஒன்று நுண்ணுயிரியல். வருகிற வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போகிறோம். ஞாயிறு போய்ப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மனுக் கொடுத்தவர்கள் பிள்ளையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், பிளஸ் டூ மார்க் ஜெராக்ஸ், ஒரு நோட்டு, பேனா போதும். காலை 8 மணிக்குக் கூட்டமைப்பு அலுவலக வாசலில் இருங்கள், டவுன் பஸ்ஸில்தான் போகிறோம். நுண்ணுயிரியலுக்கு மனுக் கொடுத்த அக்கா மட்டும் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள், அந்தப் பட்டத்தின் சரியான பெயர் மனுவில் இல்லை.